அம்மாவின் பிளேசருக்கு மறுபடி காலம் வருமா? பழைய உடை, விண்டேஜ், 20 வருடக் கணக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அம்மாவின் 1980-களின் கம்பளி பிளேசர் இருக்கிறது, தோளில் பேட் வைத்தது. அப்பாவின் டெனிம் ஜாக்கெட் ஒன்று. 2003 வாக்கில் நீங்கள் வாங்கிய, இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கும் ஜீன்ஸ் ஒன்று. எத்தனை வருடம் ஆனால் விண்டேஜ், 20 வருடத்துக்கு ஒருமுறை ஃபேஷன் திரும்பும் என்பது உண்மையா, வைத்துக்கொள்வதா தூக்கிப் போடுவதா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: பொறுத்திருந்தால் இவற்றுக்கு மறுபடி காலம் வருமா? வரும். ஆனால் உங்கள் பெட்டியில் இருக்கும் அதே பிளேசருக்கு வரும் என்று சொல்ல முடியாது. அந்த மாதிரி பிளேசருக்கு வரும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. உடை வரலாறு படித்துவிட்டு, சேகரிப்பவர்களுக்காகப் பழைய உடைகளின் வயதையும் நிலைமையையும் பார்த்துச் சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் வருடக் கணக்கு. விண்டேஜுக்கு உலகம் முழுக்கச் செல்லும் சட்ட வரையறை எதுவும் கிடையாது. 20 வருடம் என்பது வியாபாரத்தில் படிந்துபோன வழக்கம். எட்ஸி போன்ற இணையச் சந்தைகள் அதையே விதியாக வைத்திருக்கின்றன: 20 வருடமாவது ஆன பொருளைத்தான் அங்கே விண்டேஜ் என்று பட்டியலிடலாம். பழம்பொருள் என்ற தகுதிக்கு மட்டும் உறுதியான கோடு ஒன்று உண்டு. பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் 9706 என்ற தலைப்பின்கீழ் வர 100 வருடம் கடந்திருக்க வேண்டும். ரெட்ரோ என்பது வேறு. பழைய பாணியில் புதிதாகத் தைத்தது. விற்பவர்கள் இந்த மூன்றையும் வேண்டுமென்றே குழப்புவார்கள், கவனம். ஆக, வழக்கப்படி பார்த்தால் உங்கள் 2003 ஜீன்ஸும் விண்டேஜ்தான். கேட்கக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்தப் பெயர் வந்துவிட்டதாலேயே அதற்கு மதிப்பு வந்துவிடாது. 20 வருடம் பழைய சாதாரண டி-ஷர்ட், பெரும்பாலும் 20 வருடம் பழைய சாதாரண டி-ஷர்ட்தான்.

அடுத்து, 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்பும் என்ற பேச்சு. இதற்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது ஜேம்ஸ் லேவரை. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். 1937-ல் ஒரு வரிசை போட்டுக் கொடுத்தார். ஒரு உடை அதன் காலத்துக்கு 10 வருடம் முன்னால் வந்தால் அசிங்கம், 1 வருடம் முன்னால் துணிச்சல், தன் காலத்தில் கச்சிதம். 1 வருடம் கழித்து மங்கல், 10 வருடம் கழித்து அருவருப்பு, 20 வருடம் கழித்துக் கேலிக்கூத்து, 30-ல் வேடிக்கை, 50-ல் விநோதம், 70-ல் வசீகரம், 100-ல் காதல் கனவு, 150-ல் அழகு. கவனித்தீர்களா, அவர் கணக்கில் 20 வருடம் பழைய உடை சிரிப்புக்குத்தான் உரியது. இன்று 20 வருடத்தில் திரும்புகிறது என்பவர்கள் அவரைச் சாட்சிக்கு அழைத்தால், அவர் எதிர்த்தரப்புக்குத்தான் சாட்சி சொல்வார். அது அளந்து கண்டுபிடித்ததும் அல்ல. வரலாறு நன்றாகத் தெரிந்த ஒருவர் சாமர்த்தியமாகச் சொன்னது. ஆனால் அவர் காட்டிய வரிசை, அதாவது முதலில் வெறுப்பு, பிறகு சிரிப்பு, பிறகு பிரியம் என்ற ஒழுங்கு, நான் பார்த்த வரையில் சரியாகவே இருக்கிறது. வருட எண்ணிக்கைதான் மாறிக்கொண்டே போகிறது.

உண்மையிலேயே அளந்து பார்த்தவர்களும் உண்டு. மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர், ஜேன் ரிச்சர்ட்சன் இருவரும் சுமார் மூன்று நூற்றாண்டுகளின் பெண்கள் மாலை உடைப் படங்களை எடுத்து, பாவாடையின் நீளம், அகலம், இடுப்பின் உயரம், கழுத்து இறக்கம் என்று ஒவ்வொன்றாக அளந்து 1940-ல் வெளியிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த சுழற்சி 20 வருடம் அல்ல, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. பாவாடை மெல்ல அகலமாகி, மெல்லக் குறுகி, பழைய இடத்துக்கு வர அவ்வளவு காலம் பிடித்தது. அரசியல் கொந்தளிப்பு மிகுந்த காலங்களில் இந்த அளவுகள் தாறுமாறாக ஆடுவதையும் பார்த்தார்கள். அடிப்படை வடிவம் இப்படி நிதானமாக நகர, அதன் மேல் தோள் பேட், பெரிய காலர், மணி வடிவக் கால்சட்டை போன்ற மேல்விவரங்கள் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகின்றன. 20 வருடப் பேச்சு இந்த மேல்விவரங்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும். அதுவும் கடிகாரம் போல அல்ல.

ஏன் திரும்புகிறது என்பதில் எனக்கு அதிகச் சந்தேகம் இல்லை. அந்த உடையை அணிந்தவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. அணியாதவர்கள், அதன் காலத்தில் குழந்தையாக இருந்தவர்கள் அல்லது பிறக்காதவர்கள் கொண்டுவருகிறார்கள். இதற்கு 1971-ல் பாரிஸில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அந்த வருடம் ஜனவரி 29 அன்று உடை வடிவமைப்பாளர் இவ் சான் லொரான் ஒரு தொகுப்பைக் காட்டினார். சதுரத் தோள், முழங்கால் வரை நின்ற பாவாடை, தடித்த அடியுள்ள உயரக் காலணி, தலையில் டர்பன், பளிச்சென்ற பச்சை நரித்தோல் கோட். எல்லாம் 1940-களின் பாரிஸ், அதாவது ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த பாரிஸ். அவருடைய தோழி பலோமா பிக்காசோ பழைய துணிச் சந்தைகளில் பொறுக்கி எடுத்து அணிந்து திரிந்த உடைகள்தான் அவருக்குப் பொறி தட்டவைத்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பத்திரிகையாளர்கள் பலர் அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்தவர்கள். அவர்கள் கொதித்துப் போனார்கள். மறுநாள் விமர்சனங்கள் கிழித்துத் தொங்கவிட்டன. அவர்களுக்கு அந்தத் தோள், துணித் தட்டுப்பாடும் பயமும் சேர்ந்த ஒரு காலத்தின் தோள். சான் லொரானோ 1936-ல் வட ஆப்பிரிக்காவின் ஓரான் நகரில் பிறந்தவர். போர் நடந்தபோது சிறுவன். இளம் பெண்களுக்கு அது வெறும் அழகான தோள். கடைசியில் வென்றது அவர்கள்தான். 70-கள் முழுக்க 40-களின் சாயல் ஓடியது. ஒரு உடையோடு ஒட்டியிருக்கும் வாழ்க்கை நினைவு கழன்று விழ வேண்டும், அப்போதுதான் அது மறுபடி உடையாக மட்டும் தெரியும். அதற்கு ஒரு தலைமுறையாவது ஆகும். 20, 25, 30 வருடம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இடைவெளியைத்தான்.

உங்கள் விஷயத்திலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அம்மாவிடம் அந்த பிளேசரைக் காட்டி அழகா என்று கேளுங்கள். “ஐயோ, அதை எல்லாம் எதுக்கு இன்னும் வெச்சிருக்கே” என்பார். 18 வயதுப் பெண் ஒருத்தியிடம் காட்டுங்கள், உடனே போட்டுப் பார்ப்பாள்.

திரும்பி வருவது எப்போதும் பாதி வேடம் மாறித்தான் வரும். 1790-களில் மார்புக்குக் கீழே இடுப்பு வைத்து நேராக விழுந்த உடை, பண்டைய கிரேக்க, ரோமானியச் சிலைகளைப் பார்த்துச் செய்தது. பாரிஸ் வடிவமைப்பாளர் பால் புவாரே 1908-ஐ ஒட்டி அதை மீண்டும் கொண்டுவந்தபோது கிழக்கத்திய வண்ணங்களைச் சேர்த்தார், இடுப்பை இறுக்கும் கார்செட் என்ற உள்ளாடையைக் கழற்றினார். 1960-களில் அதே உயர்ந்த இடுப்பு மூன்றாம் முறையாக வந்தபோது கீழ் விளிம்பு தொடைக்கு ஏறியிருந்தது. கிறிஸ்டியன் டியோர் 1947 பிப்ரவரி 12 அன்று காட்டியதை உலகமே ‘புதிய தோற்றம்’ என்றது. ஆனால் அந்த இறுக்கிய இடுப்பும் அகன்று விரிந்த பாவாடையும் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து எடுத்தவை. பிரிட்டனில் போருக்குப் பின் சில தையற்காரர்கள், ஏழாம் எட்வர்ட் காலத்து நீண்ட கோட்டை வசதியான இளைஞர்களுக்காகப் புதுப்பித்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உழைக்கும் வர்க்கத்துப் பையன்கள். எட்வர்டின் சுருக்கமான டெடியிலிருந்து ‘டெடி பாய்ஸ்’ என்ற பெயர் வந்ததும் மேட்டுக்குடி அந்தக் கோட்டைத் தொடவே இல்லை. பிறகு 1971-ல் லண்டன் கிங்ஸ் சாலையில் விவியன் வெஸ்ட்வுட், மால்கம் மெக்லாரன் என்ற கடைக்கார ஜோடி அதே டெடி பாய் உடைகளை மறுபடி விற்றது. ஒரே கோட்டுக்கு மூன்று பிறவி, மூன்றிலும் வேறு வேறு ஆட்கள்.

இப்போது உங்கள் பிளேசர். தோள் பேட் 1930-களில் எல்சா ஸ்கியாபரெல்லி முதலானோர் கையில் வலுப்பெற்றது, 40-களில் எங்கும் பரவியது, 80-களில் வடிவமைப்பாளர்கள் முக்லேரும் மொன்டானாவும் அதை ஊதிப் பெரிதாக்கினார்கள், 2009-ல் பால்மேன் நிறுவனம் கூர்மையாக்கியது, அண்மைய வருடங்களில் தொளதொள பிளேசராக மறுபடி வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு தோள். 40-களின் தோள் சதுரம், உடம்போடு ஒட்டியது. 80-களின் தோள் உங்கள் எலும்பைத் தாண்டி வெளியே நீளும். அக்குள் வெட்டும் ஆழமாக இறங்கும். அதனால்தான் பழையதை அப்படியே எடுத்து மாட்டினால், படத்தில் பார்த்தது போல இல்லாமல் நாடக உடை போலத் தெரிகிறது. உடனே எல்லோரும் செய்வது பேடைப் பிய்த்து எடுப்பது. செய்யாதீர்கள். அந்தத் தோள் பேடுக்காகவே வெட்டப்பட்டது. பேட் போனால் கையின் மேல் விளிம்பில் துணி தளர்ந்து குழியும், முன்பக்கக் காலர் சரியும். லைனிங்கை ஓர் ஓரத்தில் பிரித்து, தடித்த பேடை எடுத்துவிட்டு அதில் பாதி தடிமனுள்ளதை வைக்கச் சொல்லுங்கள். கோட் தைத்துப் பழகிய கைக்கு இது பெரிய வேலை அல்ல. எடுத்த பழைய பேடை ஒரு பையில் போட்டு கோட்டோடு வையுங்கள். பிற்காலத்தில் விற்பதானால் வாங்குபவர் அசல் எங்கே என்று கேட்பார்.

ஜீன்ஸ் கதை வேறு. இடுப்பு இறங்கிய வெட்டு 1990-களில் அலெக்சாண்டர் மெக்குவீனின் மேடையில் அதிர்ச்சியாகத் தொடங்கி, 2000-களின் தொடக்கத்தில் எல்லாக் கடைக்கும் வந்து, பிறகு கேலிக்கு ஆளாகி, 2021 அக்டோபரில் மியூ மியூ நிறுவனம் காட்டிய இறங்கிய குட்டைப் பாவாடையோடு மறுபடி பேச்சானது. 20 வருடக் கணக்கு இங்கே அச்சாகப் பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். அதே காலத்துக் கைப்பைகளும் அப்படித்தான்: ஃபெண்டியின் 1997 பகெட் 2019-ல் மறுவெளியீடு, டியோரின் சேணப் பை 2018-ல். ஆனால் இவை தானாகத் திரும்பியவையா? நிறுவனங்கள் தங்கள் பழைய பெட்டகத்தைத் திறந்து, எது மறக்கப்பட்டு எது ஏக்கமாகியிருக்கிறது என்று பார்த்து இறக்கியவை. இதில் ரசனை எவ்வளவு, வியாபாரத் திட்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியும் என்று நான் நம்பவில்லை. இணையம் வந்தபின் சுழற்சி வேகமாகிவிட்டது என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மை. பல பத்தாண்டுகள் ஒரே நேரத்தில் கண்ணில் படுகின்றன. 70-களின் காலரும் 90-களின் கால்சட்டையும் ஒரே ஆள் மேல். அதை வேகம் என்பதைவிட நெரிசல் என்பேன்.

“அந்தக் காலத்துத் துணி போல இப்போது வராது” என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. அந்தக் காலத்துக் குப்பை நம் கைக்கு வரவில்லை. மட்டமானது கிழிந்தது, கிழிந்தது துடைக்கும் துணியானது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ் வரும் வரை கந்தலிலிருந்துதான் காகிதம் செய்தார்கள். 1813-ல் இங்கிலாந்தின் பேட்லியில் பெஞ்சமின் லா பழைய கம்பளியைக் கிழித்து மறுபடி நூலாக்கும் முறையைத் தொடங்கியபின் கிழிந்த கோட்டும் ஆலைக்குப் போனது. நம்மிடம் மிஞ்சியவை கல்யாண உடை, விருந்து உடை, யாருக்கும் பொருந்தாத சின்ன அளவு. அதனால்தான் அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்கள் முன்னோர் எல்லோரும் ஒல்லி என்று முடிவு கட்டுகிறார்கள். நடுத்தர அளவு உடைகள் கைமாறிக் கைமாறித் தேய்ந்து போயின, அவ்வளவுதான்.

ஆனாலும் அந்த நம்பிக்கையில் ஒரு மெய்யும் உண்டு, அதைக் கையால் தொட்டே காட்டலாம். 1950-களின் ஒரு சாதாரண பருத்தி கவுனை உள்ளே திருப்பிப் போடுங்கள். பக்கத் தையலில் ஓர் அங்குலம் வரை துணி விட்டிருப்பார்கள். கீழே மூன்று அங்குலம் மடித்துக் கையால் தைத்திருப்பார்கள். ஓவர்லாக் (ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும் இயந்திரத் தையல்) இருக்காது, ஓரத்தைப் பல்வெட்டாக நறுக்கி விட்டிருப்பார்கள். உடம்பு பெருத்தால் பிரித்து விடலாம், பிள்ளை வளர்ந்தால் இறக்கிக் கொடுக்கலாம் என்ற கணக்கு அது. இன்றைய விலை மலிந்த உடையில் ஓவர்லாக் ஊசியும் கத்தியும் சேர்ந்து கால் அங்குலத்துக்குமேல் எதையும் மிச்சம் வைப்பதில்லை. நான் கையில் எடுக்கும் பழைய கவுன்களில் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே ஒரு வெளிறிய கோடு ஓடுவதை அடிக்கடி பார்ப்பேன். முன்பு மடிப்பு இருந்த இடம் அது, வெயிலும் தேய்ப்பும் பட்டு நிறம் போன வரி. அதன் கீழே உள்ள துணி மட்டும் புதுநிறம். யாரோ ஒருத்தி இறக்கியிருக்கிறாள். 1947-க்குப் பிறகு பாவாடை திடீரென நீண்டபோது பலர் செய்தது இதுதான். இறக்கத் துணி இல்லாதவர்கள் வேறு துணியில் பட்டை வைத்து ஒட்டுப் போட்டார்கள். பிரிட்டனில் உடைக்கான கூப்பன் முறை 1949 வரை நீடித்தது, புதிது வாங்க வழி இல்லை.

வயது கணிப்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அப்பாவின் ஜாக்கெட் 60-களினது என்று உறவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். குடும்பச் சொல்லை நான் மதிப்பேன், ஆனால் ஜிப்பையும் லேபிளையும் கூடுதலாக நம்புவேன். விதி ஒன்றுதான்: உடையில் இருக்கும் ஆகப் பிந்திய பொருளைவிட அந்த உடை பழையதாக இருக்க முடியாது. ஜிப் 1913-ல் கிடியன் சுண்ட்பாக் உருவாக்கிய வடிவிலிருந்து வளர்ந்தது, 30-களில்தான் நாகரிக உடைகளுக்குள் நுழைந்தது. 30, 40-களின் கவுன்களில் பெரும்பாலும் இடப்பக்க ஓரத்தில், உலோகப் பல்லோடு இருக்கும். நைலான் சுருள் ஜிப் என்றால் பொதுவாக 60-கள் அல்லது அதற்குப் பின். ஆனால் ஜிப்பை மாற்றியிருக்கலாம். நூலின் நிறத்தையும் தையல் துளைகளையும் பாருங்கள். லேபிளில் இழை விழுக்காடு இருந்தால், கம்பளி அல்லாத அமெரிக்க உடையாயின் பெரும்பாலும் 1960-க்குப் பிந்தியது. துவைக்கும் முறை நிரந்தரமாகத் தைத்திருந்தால் பெரும்பாலும் 1972-க்குப் பிந்தியது. தூய கம்பளிக்கான, மூன்று வளையம் சுற்றிய வுல்மார்க் சின்னம் 1964-ல் பிறந்தது. மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1990-க்கு முன். பிரிட்டிஷ் உடையில் இரண்டு ‘சி’யும் 41-ம் சேர்ந்த குறி இருந்தால் 1941-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. இவை எல்லாம் நல்ல தடயங்கள், ஆனால் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

டெனிமுக்குத் தனி சாஸ்திரமே உண்டு. லீவைஸ் என்றால் மார்புப் பையின் சிவப்புப் பட்டையில் பெயரின் ‘ஈ’ பெரிய எழுத்தா என்று பாருங்கள். 1971 வரை பெரிய எழுத்து, பிறகு சின்னது. ஆனால் நிறுவனமே பிற்காலத்தில் வெளியிட்ட மறுபதிப்புகளிலும் பெரிய எழுத்து உண்டு, ஆகவே அது மட்டும் போதாது. உள்ளே துவைக்கும் குறிப்புத் துணி இருக்கிறதா, கையை விட்டுக்கொள்ளும் பக்கப் பைகள் இருக்கின்றனவா என்று சேர்த்துப் பாருங்கள். பக்கப் பை இருந்தால் 80-கள் அல்லது அதற்குப் பின் என்று சாய்வேன். நீங்கள் அனுப்பிய விவரணையில் பக்கப் பை இருக்கிறது. ஆகவே 60-கள் என்பது சந்தேகம்தான்; ஆனால் துணியைக் கையில் பார்க்காமல் அதற்குமேல் சொல்வது சரியல்ல.

காத்திருப்பதில் உண்மையான ஆபத்து ஃபேஷன் திரும்பாமல் போவது அல்ல, துணி உங்களுக்காகக் காத்திருக்காது என்பதே. 1900-ஐ ஒட்டிய பட்டு உடைகளைப் பார்த்தால் இது புரியும். பட்டின் பசையை நீக்கினால் எடையில் நாலில் ஒரு பங்கு வரை போய்விடும். அந்த நட்டத்தை ஈடுகட்ட வெள்ளீய உப்பில் ஊறவைத்து எடை ஏற்றினார்கள். அந்த உப்பு இழையை உள்ளுக்குள்ளேயே அரிக்கிறது. பெட்டியில் தொடாமல் கிடந்தாலும் மடிப்பு வழியாக நீள நீளமாகக் கீறல் விடும், எடுத்தால் பொடிப்பொடியாக உதிரும். தையல் போட்டால் ஊசி போன இடத்திலேயே இன்னொரு கீறல். இதைத் திருப்ப வழி இல்லை. நம் காலத்து உடைகளின் நோய் வேறு. பாலியூரிதேன் பூசிய செயற்கைத் தோல் காற்றின் ஈரத்தாலேயே சிதைந்து, சில வருடங்களில் பிசுபிசுத்து உரியும்; ஓட்டக் காலணிகளின் நுரை அடியும் அப்படியே. 1958-ல் டுபாண்ட் நிறுவனத்தில் உருவான எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த ஜீன்ஸ் முட்டியில் தொங்கிவிட்டால் மீளாது. உங்கள் 2003 ஜீன்ஸை இரண்டு கையாலும் இழுத்து விட்டுப் பாருங்கள். உடனே சுருங்கி வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இழுத்த இடம் அலையலையாக நின்றால் இன்னும் 10 வருடம் வைத்தும் பயன் இல்லை. நூறு விழுக்காடு பருத்தியானால் கவலையே வேண்டாம், அது உங்களைவிட அதிக காலம் இருக்கும்.

போட்டுக்கொள்ளலாமா, அப்படியே வைப்பதா? நூறு வருடத்துக்கு மேற்பட்டதையும், ஒரே ஒரு பிரதிதான் உண்டு என்பதையும் போடாதீர்கள். 2022-ல் மெட் காலா விருந்துக்கு கிம் கர்தாஷியன், மர்லின் மன்றோ 1962-ல் அணிந்த உடையைப் போட்டுக்கொண்டு வந்தபோது, உலகெங்கும் அருங்காட்சியக உடைப் பாதுகாவலர்கள் கொதித்தது இதனால்தான். வியர்வை, வெளிச்சம், உட்காரும்போது தையலில் விழும் இழுப்பு, ஒவ்வொன்றும் திரும்ப எடுக்க முடியாத சேதம். 19-ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சையானால் கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம், ஆர்சனிக் சாயமாக இருக்கலாம். ஆனால் அம்மாவின் பிளேசர் அருங்காட்சியகப் பொருள் அல்ல. லட்சக்கணக்கில் தைத்த வகை. அதைத் தாராளமாகப் போடலாம், போடத்தான் வேண்டும். அளவைப் பார்க்கும்போது லேபிளின் எண்ணை நம்பாதீர்கள். அமெரிக்காவில் 1958-ல் வந்த அளவுத் தரம் 1983-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அன்றைய 12 இன்று பல கடைகளில் 6-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ வரும். டேப்பை எடுத்து அக்குளிலிருந்து அக்குள், தோளிலிருந்து தோள் அளந்து, உங்களுக்குப் பொருந்தும் ஒரு கோட்டோடு ஒப்பிடுங்கள்.

பணம் வருமா என்று கடைசியில் அடைப்புக்குறிக்குள் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான வீட்டு உடைகளுக்கு வராது, வருமென்று யாராவது சொன்னால் அவர் விற்பவராக இருப்பார். வடிவமைப்பாளர் பெயர், அரிய அளவு, பழுதில்லாத நிலை, இன்னார் இன்ன வருடம் அணிந்தார் என்பதற்குப் புகைப்படம், இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் விலை பேச இடம் உண்டு. ஆகவே என் தீர்ப்பு: பிளேசரைத் திருத்தி இந்த வருடமே போடுங்கள். ஜாக்கெட் உங்களுக்குப் பொருந்தினால் போடுங்கள், பொருந்தாவிட்டால் பொருந்துகிறவருக்குக் கொடுங்கள். ஜீன்ஸ் இழுத்துப் பார்க்கும் சோதனையில் தேறினால் மட்டும் மிச்சம்.

எடுத்து வைப்பதானால் துவைத்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத வியர்வைக் கறைதான் பின்னால் மஞ்சளாகும், அந்துப்பூச்சியையும் அதுதான் அழைக்கும். கம்பளியைத் தின்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. சந்தேகம் இருந்தால் பிளேசரைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும் வரை பையைப் பிரிக்க வேண்டாம், இல்லாவிட்டால் ஈரம் படியும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக் பொத்தான்களை இளக்கிவிடும், வாசமும் லைனிங்கை விட்டுப் போகாது. சலவைக்கடை பிளாஸ்டிக் உறையையும் கழற்றிவிடுங்கள். கோட்டை அகன்ற தோளுள்ள ஹேங்கரில் மாட்டி, மேலே வெளுத்த பருத்தித் துணி ஒன்றைப் போர்த்தினால் போதும். பின்னல் ஆடையும் குறுக்காக வெட்டித் தைத்த உடையும் மட்டும் தொங்கவே கூடாது, தம் எடையாலேயே நீண்டுவிடும். அவற்றைப் படுக்கப் போட்டு, மடிப்புக்குள் அமிலமில்லாத தாளைச் சுருட்டி வைத்து, வருடத்துக்கு ஒருமுறை மடிப்பை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.